பசில் அங்கிளின் வயலினுக்குச் சுருதி சேர்த்த கதை

தவமணி அக்காவின் கலியாணத்தன்று, மத்தியானச் சாப்பாட்டு நேரம். பனிச்சங்கேணியில் எங்கள் வளவுப் பந்தலுக்குள் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா, அம்மா, அக்கா. அன்று காலைதான் எனக்கு அத்தானாகியிருந்த யோகராசா. அவரோடு வாழைச்சேனையிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்த சொந்தக்காரர். ஊரில் எழுந்து நடக்கக்கூடிய எல்லோரும். என்னோடு இசை படிக்கும் கிருபாகரன். பிறகு, மட்டக்களப்பு ரவுனிலிருந்து வந்த பசில் அங்கிள்.

இல்லாதவர்கள் இருவர். ஒருவர் அண்ணன். அவனைப் பற்றி எழுதினால் கேட்க மாட்டேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு கிழமையும் பத்திரிகையில் வரும் இந்தத் தொடரை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். ஆகவே அண்ணனை இவ்வளவோடு விடுகிறேன்.

மற்றவர் பசில் அங்கிளின் மனைவி மேவிஸ் அன்ரி. கடல் எழுந்து வந்த அந்தக் காலையில் பசில் அங்கிள் பாண் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அன்ரியும் இல்லை, கரையோரத்து வீடும் இல்லை, வீட்டுக்குள் இருந்த வயலினும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் வயலினைத் தொடவில்லை. அக்காவின் கலியாணத்தில்தான் மறுபடி வாசிக்கப் போகிறார். பந்தலே அதற்காகக் காத்திருந்தது. நானும் கிருபாவும் அவருக்கு ஒரு சின்ன உதவி செய்ய நினைத்தோம். இந்தக் கிழமை எழுதுவது அந்த உதவியைப் பற்றித்தான்.

பாட்டு எப்ப தொடங்கும்?

நாங்கள் இருவரும் எப்படிப்பட்ட ஆட்கள் என்பதைச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கம்பசுக்கு எடுபட்ட செய்தி வந்த அன்று அப்பா களப்புக்கு மீன் பிடிக்கப் போகாமல் வீட்டில் நின்றார். அவர் கொண்டாடுவது அப்படித்தான். என்ன படிப்பு என்று கேட்டார். இசை என்றேன். கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு, பாட்டு எல்லாருக்கும் வருவதுதானே, அதைப் படிக்க ஏன் இத்தனை வருடம் என்று கேட்டார். அம்மாதான் சமாளித்தார்: முடிவில் மாஸ்டர் வேலை கிடைக்குமாம்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது, படித்ததைப் பாடிக் காட்டச் சொன்னார்கள். அயல் பெண்கள் பாய் விரித்து இருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சரளி வரிசையை மூன்று காலத்திலும் பிழையில்லாமல் பாடினேன். கண்ணைத் திறந்தபோது எல்லோரும் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாட்டு எப்ப மனே தொடங்கும்?" என்று அம்மா கேட்டார்.

முதல் வருடம் முடிவதற்குள் என் காதுக்குள் ஒரு கணக்கப்பிள்ளை வந்து குடியேறிவிட்டார். எந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் இது என்ன இராகம், என்ன தாளம், சுருதி நிற்கிறதா என்று அவர் கணக்கெடுக்கத் தொடங்குவார். கொழும்பு பஸ்ஸில் விடிய விடியப் போடும் பைலாவுக்குத் தலையாட்டிக்கொண்டே தூங்கியவன் நான். இப்போது, அடுத்த பாட்டும் அதே அடியில்தான் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, தூங்காமல் முறைத்துக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழாவில் இரண்டு மரத்தில் கட்டிய இரண்டு ஒலிபெருக்கியும் ஒரே பாட்டை ஒரு மூச்சு முன்பின்னாகச் சொல்வது அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு திருவிழாவுக்குப் போவதே தண்டனையானது.

சின்ன வயதிலிருந்து ஒரு சினிமாப் பாட்டைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். அது எந்த இராகம் என்று ஒருநாள் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அழ மறந்துவிட்டேன். அதன்பிறகு அந்தப் பாட்டுக்கு அழுகை வரவே இல்லை.

கிடைத்ததும் உண்டு. முன்பெல்லாம் ஆலாபனை கேட்பது எனக்கு வராத பஸ்ஸுக்குக் காத்து நிற்பது போல. இரண்டாம் வருடத்தில் ஒரு நாள், எங்கள் ஆசிரியை ஒரு காந்தாரத்தை நீட்டிப் பிடித்து, அதை விடாமலே கொஞ்சம் அசைத்தார். என் கையில் மயிர் குத்திட்டு நின்றது. அந்த ஒரு அசைவுக்காக இன்னொரு வருடமும் கூடப் படிக்கலாம் போலிருந்தது. அதே அசைவைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்ற முச்சக்கர வண்டிக்காரர் கொட்டாவி விட்டதையும் பார்த்தேன்.

கிருபா வந்தாறுமூலைக்காரன். வயலின் படித்தவன். அவன் நிலைமை என்னை விட மோசம். அவனுடைய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நெல் ஆலை. அந்த மெஷின் ஐந்து கட்டைச் சுருதிக்கு ஒரு நூல் குறைவாக இரைவதால் தனக்குச் சோறு இறங்குவதில்லை என்பான். அவனுடைய அம்மா சோற்றைத்தான் மாற்றிப் பார்த்தார்.

தகரத்துக்கு அந்தப் பக்கம்

பசில் அங்கிள் எங்களுக்கு எப்படிச் சொந்தமானார் என்று கலியாணத்தில் பலர் கேட்டார்கள். நடுவில் ஒரு தகரம் இருந்ததால் என்பதுதான் பதில்.

வாகரைப் பக்கம் சண்டை வந்து செல் குண்டு விழத் தொடங்கியபோது ஊரே கிளம்பி, நடந்தும் தோணியிலுமாக ரவுன் பக்கம் போய்ச் சேர்ந்தது. அகதி முகாமில் எங்களுக்குக் கொடுத்த கொட்டில், கடலால் வீடிழந்தவர்களின் கொட்டில்களுக்கு அடுத்த வரிசையில் இருந்தது. கடல் துரத்தியவர்கள் அந்தப் பக்கம், செல் துரத்தியவர்கள் இந்தப் பக்கம். எங்கள் கொட்டிலுக்கும் பசில் அங்கிளின் கொட்டிலுக்கும் ஒரே தகரம்தான் சுவர்.

அவர் பறங்கியர். தச்சு வேலை செய்பவர். தன் ஆட்களோடு போர்த்துக்கேயமும் எங்களோடு எங்கள் தமிழும் பேசுவார். பறங்கியர் கலியாணங்களில் வயலினுக்குச் சோடி சோடியாக ஆடுவார்களே, கப்ரிஞ்ஞா, அதற்கு ரவுனில் வாசித்தவர் அவர்தான். கொட்டிலில் வயலின் இல்லை. பின்னேரங்களில் வாய்க்குள் முனகிக்கொண்டு தகரத்தில் விரலால் தட்டுவார். இந்தப் பக்கமிருந்து அக்கா பதிலுக்குத் தட்டுவாள். அப்பா, தகரம் கழன்றுவிடும் என்று இரண்டு பேரையும் ஏசுவார்.

ஒருநாள் அக்கா தகரத்துக்கு மேலால் எட்டிப் பார்த்து, தன்னுடைய கலியாணத்துக்கு வந்து வாசிக்க வேண்டும் என்றாள். அவர் மாட்டேன் என்றார்.

"கடல்ட இரைச்சல் இன்னும் காதுக்குள்ள இரிக்கு புள்ள. அதுக்கு மேலால ஒண்டும் சரியாக் கேக்குதில்ல. பிழையா வாசிக்கிறதுக்கு வாசிக்காமலே இரிக்கலாம்."

"எனக்கு இன்னும் மாப்பிள்ளையே வரல்ல அங்கிள்," என்றாள் அக்கா. "அதுக்குள்ள கடல் வத்திரும்."

அவர் சிரித்தார். சிரித்ததைச் சம்மதம் என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

பிறகு நாங்கள் ஊர் திரும்பினோம். நான் கம்பசுக்குப் போனேன். ஒருமுறை எங்கள் கச்சேரி ஒன்றுக்கு அவரைக் கூட்டிப்போனேன். பெரிய வித்துவான், முக்கால் மணி நேர ஆலாபனை. பசில் அங்கிள் கதிரை நுனியில் இருந்து கவனமாகக் கேட்டார். வெளியே வந்ததும் சொன்னார்:

"நல்லாத்தான் பாடுறார். ஆனா எங்க போறன் எண்டு சொல்லாமலே போறார் மனே. நான் காலை எங்க வைக்கிற?"

எனக்கு அன்று கோபம் வந்தது. பிறகுதான் யோசித்தேன். அவரும் பயிற்சி எடுத்தவர்தான். தன் தகப்பனிடம், ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துப் பார்த்து வாசித்துப் பழகியவர். ஆட முடியாத பாட்டு அவருக்கு ஏறுவதற்குப் படியில்லாத வீடு. எங்களுக்கு ஆட மட்டும் முடிகிற பாட்டு, படிகள் மட்டுமே உள்ள வீடு.

மரியாதைக்கு ஒரு காரியம்

சண்டை முடிந்து அடுத்த வருடம் அக்காவுக்கு மாப்பிள்ளை சரிவந்தது. பசில் அங்கிளுக்குச் சொல்லி அனுப்பியது அக்காதான். அவர் வருவார் என்று வேறு யாரும் நினைக்கவில்லை. வந்தார். வரும் வழியில் வாழைச்சேனையில், பாண்டு வாத்தியங்கள் வாடகைக்கு விடும் அந்தோனிமுத்து என்பவரிடம் ஒரு வயலினை ஒருநாள் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்.

சாப்பாட்டுக்கு முன் அவர் வீட்டுக்குப் பின்னால் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு தந்திகளைச் சேர்த்தார். நெடுநேரம் எடுத்தது. திரும்பி வந்தபோது முகம் வியர்த்திருந்தது. சரி போலத்தான் கிடக்கிறது என்று அக்காவிடம் சொன்னார். வயலினை ஒரு கதிரையில் வைத்துவிட்டுச் சாப்பிட இருந்தார்.

எங்கள் கல்விக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர் ஒருவர் வாசிக்க வந்தால், அவர் மேடையேறும் முன் அவருடைய வாத்தியத்தைச் சிறியவர்கள் எடுத்துச் சுருதி சரிபார்த்து வைக்க வேண்டும். அவர் கையால் முறுக்காணியைத் திருப்ப விடுவது நமக்குக் கேவலம். கிருபா அந்த வழக்கத்தில் ஊறியவன். பசில் அங்கிள் இரண்டாவது முறை சோறு வாங்கும்போது அவன் வயலினைத் தூக்கினான். நான்கு தந்தியையும் மெல்லச் சுண்டினான். முகம் மாறியது.

மேல் தந்தி இரண்டும் ஒரு சுரம் கூடுதலாக நிற்கின்றன என்று என் காதில் சொன்னான். நானும் கேட்டேன். உண்மைதான்.

இதில் ஒரு விளக்கம் வேண்டும். கர்நாடக இசையில் வயலினின் நான்கு தந்தியையும் ச-ப-ச-ப என்று சேர்ப்பார்கள். ஐரோப்பியர் சேர்ப்பது வேறு மாதிரி. அதில் மேல் தந்தி இரண்டும் எங்களுடையதை விட ஒரு சுரம் உயரத்தில் நிற்கும். பறங்கியர் வாசிப்பதும் அந்த முறைதான். இது எங்களுக்குப் பாடத்தில் இருந்தது. கிருபா இதைப் பற்றிப் பரீட்சையில் முழுப் பக்கம் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருந்தான். பரீட்சையில் வந்தது கலியாண வீட்டிலும் வரும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நாங்கள் நினைத்தது ஒன்றுதான். பாவம், மனிதருக்குக் காது மெய்யாகவே போய்விட்டது. இத்தனை பேருக்கு முன்னால் வெட்கப்பட விடக்கூடாது.

நான் வாய்க்குள் சட்சத்தைப் பிடித்தேன். கிருபா இரண்டு தந்தியையும் பூப்போல இறக்கினான். தன் புதுச் சால்வையால் தூசியும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தான். நல்ல காரியம் செய்த களைப்பில் இருவரும் பாயாசம் குடிக்கப் போனோம்.

பிழை எங்கே?

பசில் அங்கிள் கை கழுவிக்கொண்டு வந்து பந்தலின் நடுவில் நின்றார். வயலினை நெஞ்சில் சாய்த்தார். வயலின் என்றால் நிலத்தில் இருந்து வாசிப்பதுதானே, இவர் ஏன் நிற்கிறார் என்று வாழைச்சேனைப் பெரியவர் ஒருவர் கேட்டார். யோகராசா அத்தான் தாளம் தட்ட ஒரு தண்ணீர்க் கானைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அக்கா கூறைச் சேலையோடு முன்னால் வந்து நின்றாள்.

முதல் வரி கீழ்த் தந்திகளில் இருந்தது. அது துள்ளிக்கொண்டு வந்தது. பந்தலின் பின்பக்கம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். இரண்டாவது வரி மேல் தந்திகளுக்கு ஏறியது. ஏறிய இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரு படி கீழே போய் விழுந்தது. அந்தப் பரீட்சைப் பக்கம் அப்போதுதான் எனக்கும் கிருபாவுக்கும் ஞாபகம் வந்தது.

அவர் நிறுத்தினார். முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் அதே விழுகை. மூன்றாம் முறை அந்த இடம் வருமுன்பே வில்லை எடுத்துவிட்டார்.

தந்தியை அவர் சந்தேகப்படவில்லை. கொஞ்சம் முன்பு தன் கையால் சேர்த்த தந்திகள் அவை. பிழை இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான் மிச்சம்.

"நான் அண்டைக்கே சொன்னன்தானே புள்ள," என்றார் அக்காவிடம். "என்ட காது போயிட்டு. இனி ஒருக்காலும் என்னைக் கேக்காதங்க."

வயலினைக் கதிரையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். அத்தான் கானை மடியிலிருந்து சத்தமில்லாமல் இறக்கினார். அக்காவின் கண்மை கலங்கத் தொடங்கியது.

கிருபா எழுந்தான். கையில் பாயாசக் கோப்பை அப்படியே இருந்தது.

"அங்கிள், உங்கட காதில ஒரு பிழையும் இல்ல. நாங்கதான் தந்தியை இறக்கின."

"எந்தத் தந்தியை?"

"மேல் ரெண்டையும்."

"ஏன் மனே?"

கிருபா கோப்பையைக் கீழே வைத்தான். "மரியாதைக்கு," என்றான்.

பசில் அங்கிள் திரும்பி வந்து தந்திகளைச் சுண்டிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி சுண்டினார்.

"அப்ப பிழை எண்டு எனக்குக் கேட்டதெல்லாம் பிழைதான்?"

"ஓம் அங்கிள். அவ்வளவும் பிழை."

"மறுகா ஒருக்காச் சொல்லு."

"அவ்வளவும் பிழை அங்கிள்."

அவருடைய வயிறுதான் முதலில் குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. தன் வாசிப்பு முழுக்கப் பிழை என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட வித்துவானை நான் அதற்குமுன் கண்டதில்லை.

என்ன மீனுக்கு?

அந்தச் சந்தோஷத்தில் அவர் முறுக்காணியைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பிவிட்டார். மேல்தந்தி 'டிங்' என்று அறுந்தது.

வேறு தந்தி இல்லை. வாழைச்சேனைக்குப் போய் வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பஸ் கிளம்பிவிடும். வீதியில் சோதனைச் சாவடிகள் இன்னும் இருந்த காலம், பின்னேரத்துக்கு முன் அவர்கள் கடந்தாக வேண்டும்.

அப்பா வந்து அறுந்த தந்தியைக் கையிலெடுத்துப் பார்த்தார். எவ்வளவு தடிப்பு வேண்டும் என்று கேட்டார். கிருபா, சுருதிக்கும் தடிப்புக்கும் இழுவிசைக்கும் உள்ள தொடர்பை விளக்கத் தொடங்கினான். இரண்டாவது வசனத்தில் அப்பா மறித்தார்.

"அதை விடு. என்ன மீனுக்கு எண்டு சொல்லு."

தூண்டிலுக்குப் போடும் தங்கூசி, நைலோன் நரம்பு, எங்கள் வீட்டில் மூன்று தடிப்பில் இருந்தது. கொடுவாவுக்குப் போடுவது தடிப்பு என்று பசில் அங்கிள் தள்ளிவிட்டார். ஓராவுக்குப் போடுவதைத் தெரிந்தெடுத்தார். அப்பா தூண்டில் முடிச்சுப் போட்டார். முடிச்சு வயலினின் அடியில் தந்தி மாட்டும் துவாரத்துக்குள் போகவில்லை. அதைப் பெரிதாக்க அப்பா அடுப்பில் ஓர் ஆணியைச் சுட்டுக்கொண்டு வந்தார். கிருபா மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டான். வார்னிஷ் கருகும் மணம் எனக்கு வந்தது.

கை தட்டாத தம்பி

தங்கூசியின் ஓசையை எப்படிச் சொல்வது? இரவில் கடிக்க வந்து நுளம்பு வலைக்குள் அகப்பட்ட நுளம்பு, படித்த நுளம்பாக இருந்தால் அப்படிப் பாடும்.

அதோடு நைலோன் இழுபட்டுக்கொண்டே போனது. ஒரு பாட்டு முடியும்போது மேல்தந்தி இறங்கியிருக்கும். அதை ஏற்றினால் முடிச்சுக் கழன்றுவிடும் என்று பயந்து, பசில் அங்கிள் மற்ற மூன்று தந்தியையும் அதற்கு இறக்குவார். ஆகவே ஒவ்வொரு பாட்டும் முந்தைய பாட்டை விடக் கீழே தொடங்கியது. கூடப் பாடியவர்களும் தெரியாமலே இறங்கினார்கள். சுருதியை விடாமல் நின்றது நானும் கிருபாவும் மட்டும்தான். ஆகவே அந்தப் பந்தலில் பிழையாகப் பாடியதும் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

கப்ரிஞ்ஞா ஆறு ஆறாகக் குதிக்கும். என் காதுக் கணக்கப்பிள்ளை உடனே மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரம் என்று எழுதிக்கொண்டார். நான் திஸ்ரமாகவே கை தட்டினேன். தாளம் சரி, ஆனால் ஆடுகிறவர்களின் கால் வேறெங்கோ விழுந்தது. அக்கா அத்தானோடு சுற்றிக்கொண்டே என் பக்கம் வந்து குனிந்தாள்.

"தம்பி, நீ கை தட்டாத. எல்லாருக்கும் பிழைக்குது."

கையை மடித்துக்கொண்டு நின்றேன். செய்ய ஒன்றும் இல்லாததால் பசில் அங்கிளின் முகத்தைப் பார்த்தேன். அவர் எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கால், அத்தானின் சப்பாத்து, அக்காவின் வெள்ளிக் கொலுசு. ஒரு கால் தயங்கினால் அவருடைய வில் அதற்காக ஒரு கணம் பொறுத்தது. கால் விழுந்ததும் வில்லும் விழுந்தது. எங்கள் ஆசிரியை காந்தாரத்தை அசைத்த அந்த அசைவு, இங்கே வில்லும் காலும் சேருமிடத்தில் நடந்துகொண்டிருந்தது. இதற்குப் பெயர் எங்கள் பாடத்தில் இல்லை. என் கையில் மயிர் மறுபடி குத்திட்டு நின்றது.

சுருதி அப்போதும் மோசம்தான். அதை மறைத்து எழுத மாட்டேன்.

கிருபாவைத் தேடினேன். அவன் வாழைச்சேனைப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி ஆடிக்கொண்டிருந்தான். காதை மூட முடியாதவன் கண்ணையாவது மூடினான்.

ஓட்டைக்குத் தனியாக

மறுநாள் அப்பா, பசில் அங்கிள், கிருபா, நான் என நாலு பேரும் வயலினைத் திருப்பிக் கொடுக்க வாழைச்சேனைக்குப் போனோம். அந்தோனிமுத்து அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கூசியை இழுத்து விட்டார். விரலை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"இது வயலினா, தூண்டிலா?"

இனி இதை எவன் வாடகைக்கு எடுப்பான், நீங்களே வைத்துக்கொண்டு காசைத் தாருங்கள் என்றார். அப்பா மீன் விலை பேசுவது போலப் பேசினார். இரண்டு முறை கடையை விட்டு இறங்கி நடந்தார். இரண்டு முறையும் அந்தோனிமுத்துவே கூப்பிட்டார். விலை படிந்ததும் கலியாணத்துக்கு வந்த அன்பளிப்புக் காசிலிருந்து கொடுத்தார்.

பிறகு அந்தோனிமுத்து, ஆணியால் சுட்ட ஓட்டைக்கு வேறாகத் தர வேண்டும் என்றார். வாங்கிய சாமானில் இருக்கும் ஓட்டைக்கு ஏன் தனி விலை என்று நான் கேட்டேன். அது வயலின் தன்னுடையதாக இருந்தபோது போட்ட ஓட்டை என்றார். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

நானும் கிருபாவும் வயலினைத் தூக்கக் கை நீட்டினோம். அப்பா எங்களைத் தாண்டிப் பசில் அங்கிளின் கையில் வைத்தார்.

"இது இனி உங்கட. இவனுகள் ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தா உள்ளுக்கு வச்சிப் பூட்டுங்க."

பசில் அங்கிள் பஸ் தரிப்பு வரை அந்தத் தங்கூசியை விரலால் சுண்டிக் கேட்டுக்கொண்டே நடந்தார்.

வயலினுக்குப் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய். ஓட்டைக்கு ஒரு சாக்குக் களப்பு நண்டு.